புல்லட், ஜாவா, யூரால்: சைட்கார் மாட்டுனா எது தாங்கும்?

பழைய வண்டில எது ரிலையபிள்னு கேட்டா என்கிட்ட நேரா பதில் இல்லைங்க, நடுரோட்டுல நிக்காத பழைய வண்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாது. நிக்கறதுக்கு முன்னாடி சொல்லிட்டு நிக்குமா, நின்னா ரெண்டு ஸ்பேனரை வச்சு நாமளே கிளப்பிட முடியுமா, நான் பாக்கறது இந்த ரெண்டுதான். அதுலயும் தனியா ஓட்ட ஒரு கணக்கு, சைட்கார் (பைக்குப் பக்கத்துல மாட்டற ஒத்தைச் சக்கரத் தொட்டி) மாட்டுனா வேற கணக்கு.

தனியா ஓட்டறதுக்குன்னா கண்ணை மூடிட்டு காஸ்ட் அயர்ன் புல்லட் 350. 346 சிசி, 70 மிமீ போர், 90 மிமீ ஸ்ட்ரோக், கம்ப்ரஷன் வெறும் 6.5, பவர் 18 எச்பி சுமாருக்குத்தான், அதனால இன்ஜினுக்கு மூச்சு வாங்கற வேலையே இல்ல. ஸ்டார்ட் பண்றதுக்கு மட்டும் ஒரு பக்குவம் வேணும். சாவியைப் போட்டுட்டு கரண்ட் ஓட்டத்தைக் காட்டற ஆம்ப் மீட்டர் முள்ளைப் பாத்துக்கிட்டே கிக்கரை மெதுவா அழுத்திட்டு வரணும், முள்ளு மைனஸ் பக்கம் போயிட்டு நடுவுக்கு வந்து நின்னா பாயிண்ட் (பிளக்குல ஸ்பார்க் வர வைக்கற ஸ்விட்ச்) திறந்துடுச்சுன்னு அர்த்தம், அப்போ டிகம்ப்ரஷரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளிய விடற லீவர்) பிடிச்சு கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, விட்டுட்டு, கிக்கர் மேல வந்ததும் முழுசா ஒரே மிதி. இதுல எதையாவது விட்டுட்டு அவசரப்பட்டு மிதிச்சா கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்கால்ல வாங்கினவங்க மறக்க மாட்டாங்க.

கியர் வலது காலுல, ஒண்ணு மேல மூணு கீழ, பிரேக் இடது காலுல. வேற வண்டியிலேருந்து இதுக்கு வந்தா முதல் வாரம் பிரேக்குன்னு நெனச்சு கியரை மிதிப்பீங்க. ஆனா நியூட்ரல் ஃபைண்டர்னு குதிகால் பக்கம் ஒரு குட்டி லீவர் இருக்கு, முதல் கியரைத் தவிர எதுல இருந்தாலும் ஒரு தட்டு தட்டுனா நியூட்ரல். இப்ப வர்ற வண்டில கூட இந்த சௌகரியம் இல்ல.

சொல்லிட்டு நிக்கும்னு சொன்னேனே, அதுக்கு உதாரணம் பாயிண்ட். பாயிண்டைத் திறக்கற கேம்ல உரசற ஹீல் தேயத் தேய கேப் குறையும், ஸ்பார்க் டைமிங் பின்னாடி போகும், ஒரே மிதில ஸ்டார்ட் ஆனது மூணு நாலு மிதி கேக்க ஆரம்பிக்கும், இழுவை குறையும், இப்படி பல நாள் நோட்டீஸ் குடுத்துட்டுதான் படுக்கும். ஃபீலர் கேஜ் (கேப் அளக்கற மெல்லிசு தகடு) வச்சு கேப்பை 0.35லேருந்து 0.40 மிமீக்குள்ள வச்சா வேலை முடிஞ்சுது. டேப்பெட்டுக்கு, அதாவது வால்வு இடைவெளி செட் பண்ண, அதுவும் வேணாம், இன்ஜின் ஆறினதும் ஒரே ஒரு நட்டைக் கழட்டி மூடியை எடுத்துட்டு, பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சிக்குக் கொண்டுவந்து, வால்வைத் திறக்கற கம்பியான புஷ்ராடை விரலால சுத்திப் பாருங்க, லேசா சுத்தணும் ஆனா மேல கீழ ஆடக்கூடாது. ஆயில் ஒழுகறதை மட்டும் கேக்காதீங்க, நிறுத்தற இடத்துல ஒரு அட்டை போட்டு வச்சா போதும்.

சரி, இதே புல்லட்ல சைட்கார் மாட்டுனா? இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பைக்குங்கறது வளைவுல சாயறதுக்குப் பொறந்தது, சாயும்போது பாரம் சக்கரத்தோட நேர்கோட்டுலயே இறங்கும். சைட்காரை போல்ட் போட்டு இறுக்கிட்டா சாய வழியே இல்ல, வளைவுல வர்ற மொத்த தள்ளும் பக்கவாட்டுல ஸ்போக்ஸ் மேலயும் பேரிங் மேலயும் ஃபோர்க் மேலயும்தான் விழும். ஸ்போக்ஸ் லூசாகும், பின் டயர் நடுவுல தட்டையா தேயும், கிளட்ச் பிளேட் சீக்கிரம் போகும். முன் ஸ்ப்ராக்கெட் ஒரு பல்லாவது கம்மி பண்ணலைன்னா ஏத்தத்துல முக்கும். ஹேண்டிலும் கல்லு மாதிரி கனக்கும், டிரெயில் (ஹேண்டில் அச்சு தரையைத் தொடற இடத்துக்கும் முன் டயர் தொடற இடத்துக்கும் உள்ள தூரம்) குறைக்கற மாதிரி லீடிங் லிங்க் ஃபோர்க் போட்டாதான் கை தப்பிக்கும். சைட்கார் சக்கரத்தை டோ இன் (முன்பக்கம் பைக்கைப் பாத்து லேசா உள்ள திருப்பி) வச்சு, பைக்கை சைட்காருக்கு எதிர்ப்பக்கமா ஒரு டிகிரி சாச்சு செட் பண்ணத் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுக்கலைன்னா வண்டி நாள் முழுக்க ஒரு பக்கமா இழுத்துட்டே போகும். நல்லா செட் பண்ணின வண்டியே ஆக்சிலேட்டர் குடுத்தா சைட்கார் பக்கமும், அந்தச் சக்கரத்துல பிரேக் இல்லைன்னா பிரேக் புடிக்கறப்ப எதிர்ப்பக்கமும் கொஞ்சம் இழுக்கும், அது பழகிடும்.

நான் முதல் நாள் பண்ணின கூத்து: இடது பக்கம் சைட்கார், உள்ள ஆள் இல்ல, பைக் நெனப்புலயே கொஞ்சம் வேகமா இடதுபக்கம் திரும்பினேன், சைட்கார் சக்கரம் தரையை விட்டு எழும்பிடுச்சு. பயத்துல ஹேண்டிலை விட்டுக்குடுத்தேன், வண்டி நேரா எதிர்ப்பக்கம் போய் நின்னுச்சு, நல்ல வேளை அப்போ எதுவும் வரல. மறுநாள்லேருந்து காலி சைட்கார்னா ஒரு மணல் மூட்டை ஏத்தாம கிளம்பறது இல்ல.

ஜாவா விஷயத்துக்கு வருவோம். 350 ட்வின்ல வெலோரெக்ஸ் சைட்கார் மாட்டினது செக் நாட்டு ஜோடி, பாக்க அவ்வளவு அழகு. கிக்கரையே முன்னாடி திருப்பி விட்டா அதுதான் கியர் லீவர், கியரை மிதிக்கும்போதே கிளட்சும் தானா கொஞ்சம் விடும். டூ ஸ்ட்ரோக் இன்ஜின்கறதால வால்வு இல்ல, டேப்பெட் இல்ல, பிளக்கும் பாயிண்டும் பாத்துக்கிட்டா ஓடும், சைலன்சர்ல கரி சேந்தா கழட்டி சுத்தம் பண்ணணும், அவ்வளவுதான். ஆனா டூ ஸ்ட்ரோக்ல ஆயில் வர்றதே பெட்ரோலோட சேந்துதான். நீளமான இறக்கத்துல சைட்கார் பின்னாடிலேருந்து தள்ள, நீங்க ஆக்சிலேட்டரை மூடிட்டு இன்ஜின் பிரேக்ல இறங்குனா, இன்ஜின் சுத்திட்டே இருக்கு, ஆயில் மட்டும் வரல. பிஸ்டன் புடிச்சுக்கும். அதுவும் ஒரு வார்த்தை சொல்லாம புடிச்சுக்கும், அதனாலதான் என் கணக்குல ஜாவா தனியா ஓட்ட மட்டும். இறக்கத்துல அப்பப்ப கிளட்சைப் புடிச்சு ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கத் தெரிஞ்சவங்க தாராளமா மாட்டிக்கலாம்.

யூரால் சைட்காருக்குன்னே வளந்த வண்டி. வேரு ஜெர்மனியோட பிஎம்டபிள்யூ ஆர்71, அதைப் பாத்து சோவியத்ல 1941ல எம்-72 வந்தது, பொறவு ரஷ்யாவுல இர்பிட் ஊர்ல ஃபேக்டரி. சேசிஸ், ஃபோர்க், கியர் எல்லாம் பாரத்துக்குன்னே பண்ணினது, செயினுக்குப் பதில் ஷாஃப்ட், ரிவர்ஸ் கியர் வேற. ரெண்டு சிலிண்டரும் ரெண்டு பக்கமும் வெளிய நீட்டிட்டு இருக்கறதால டேப்பெட் வேலைக்கு டேங்கைக் கழட்ட வேணாம், பக்கத்துல குத்துக்கால் போட்டு உக்காந்தா போதும். டிரம் பிரேக் காலத்து வண்டில மூணு சக்கரமும் ஒண்ணு, பின்னாடி தொங்கற ஸ்டெப்னி எதுக்கும் பொருந்தும்.

குறை இல்லாமலா? பழைய மாடல்ல ஆல்டர்னேட்டர் பேர் கெட்ட சமாச்சாரம், கிராங்க் ரோலர் பேரிங் போனா ரோட்டோரத்துல ஒண்ணும் பண்ண முடியாது. 2014ல இன்ஜெக்‌ஷனும் மூணு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக்கும் வந்தப்புறம் நம்பிக்கை கூடுச்சு, ஆனா கார்ப்ரேட்டரைக் கழட்டி ஊதற சுகம் போச்சு. சைட்கார் சக்கரத்துக்கும் இன்ஜின் பவர் போற டூ வீல் டிரைவ் மாடல்ல டிஃபரன்ஷியல் (வளைவுல ரெண்டு சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடற கியர்) கிடையாது, சேறு மணல்ல மட்டும் போடணும், தார் ரோட்டுல போட்டீங்கன்னா ஹேண்டில் திரும்பவே திரும்பாது. அந்த டிஃபரன்ஷியல் வேணும்னா கீவ்ல பண்ணின டினிப்பர் எம்டி-16 இருக்கு. சீனத்து சாங்ஜியாங் 750 அதே எம்-72 வாரிசுதான், சைட் வால்வு (வால்வு சிலிண்டர் பக்கத்துல இருக்கற பழைய அமைப்பு), ஆற அமரப் போறவங்களுக்கு.

ஆக சைட்கார்னா என் ஓட்டு யூராலுக்கு. ஒண்ணு மட்டும், அதுல சைட்கார் இருக்கறது வலது பக்கம். இடதுபக்கம் போற ரோட்டுல முன்னாடி ஒரு லாரி இருந்தா, எதிர்ல வர்றது ஓட்டுறவருக்கு தெரியாது, தொட்டில உக்காந்திருக்கறவருக்குத்தான் முதல்ல தெரியும். ஓவர்டேக் பண்ணணும்னா அவர்கிட்ட கேட்டுட்டுதான் போகணும், அவர் தூங்கிட்டார்னா லாரி பின்னாடியேதான்.