தீபாவளி டிசைன் வேலை எடுக்கிறவர்கள் கவனத்துக்கு: பணம் வராமல் ஓப்பன் ஃபைலைக் கொடுக்காதீர்கள்

வீட்டிலிருந்தே டிசைன் வேலை பார்க்கிறவர்கள், முக்கியமாக இப்போதுதான் தனியாக ஆரம்பித்தவர்கள், இதைப் படித்துவிட்டுத் தீபாவளி ஆர்டர் எடுங்கள். ஓப்பன் ஃபைல் என்பது யார் கையில் கிடைத்தாலும் திறந்து திருத்திக்கொள்ளக்கூடிய மூல ஃபைல்.

போன வருடம் நெல்லைப் பக்கம் ஒரு ஜவுளிக் கடைக்கு விளம்பர வேலை எடுத்தேன். மூன்று அளவில் ஃப்ளெக்ஸ், ஒரு நோட்டீஸ், அரைப்பக்கப் பேப்பர் விளம்பரம். மொத்தம் 18,000 ரூபாய், அட்வான்ஸ் 5,000. எல்லாம் வாய்ப்பேச்சுதான். தெரிந்தவர் மூலம் வந்த வேலை, முதலாளியும் மரியாதையாகப் பேசினார். கொட்டேஷன் எழுதி அனுப்பக் கூச்சமாக இருந்தது.

முதல் வாரம் ஒன்றும் பிரச்சினை இல்லை. அப்புறம் மேனேஜர் கூப்பிட்டார். "தம்பி, அந்த ஃப்ளெக்ஸையே ஆட்டோ பின்னாடி ஒட்டுற அளவுக்குக் கொடுத்துருங்க. இருக்கிறதுதானே, அஞ்சு நிமிஷ வேலை." 20-க்கு 10 அடியில் படுக்கையாக இருக்கும் டிசைனை அந்தச் சின்ன அளவுக்குக் கொண்டுவர, மாடல் படம், எழுத்து, விலை என்று எல்லாவற்றையும் பிரித்து மறுபடி அடுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஆனது. "சரிண்ணே" என்று செய்து கொடுத்தேன். காசு பற்றிப் பேசவில்லை.

நான் தவறியது அந்த இடத்தில்தான். அதன்பிறகு வந்த எதற்கும் அவர்கள் விலையே கேட்கவில்லை. கட்டைப்பை, பரிசுக் கூப்பன், கேபிள் டிவி ஸ்லைடு, தினமும் ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என்று வந்துகொண்டே இருந்தது. தள்ளுபடி சதவீதத்தை மூன்று முறை மாற்றினார்கள். ஒவ்வொரு முறையும் எல்லா ஃபைலையும் திறந்து திருத்த வேண்டும். ஐந்து ஃபைலுக்குப் பேசிய வேலை 61 ஃபைலில் போய் நின்றது.

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு, "பிரஸ்ஸில் அவசரமாகக் கேட்கிறார்கள்" என்று சொல்லி ஓப்பன் ஃபைல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். நம்பிக் கொடுத்தேன். பண்டிகை முடிந்து பல முறை கேட்டபிறகு 6,000 வந்தது. மீதி 7,000-க்கு "பேசிக்கலாம் தம்பி" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. பொங்கலுக்கு அதே கடையில் என் டிசைனில் நிறத்தை மட்டும் மாற்றி ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த அன்று சாப்பாடு இறங்கவில்லை.

வாட்ஸ்அப் செய்திகளை வைத்து நேரத்தைக் கணக்குப் போட்டேன். சுமார் 190 மணி நேரம். கைக்கு வந்தது 11,000. மணிக்கு 58 ரூபாய்கூட இல்லை.

ரேட் எப்படிப் போடுவது என்பதையே அதன்பிறகுதான் யோசித்தேன். வீட்டுக்கு மாதம் 35,000 வேண்டும். சிஸ்டம் தவணை, கரண்ட், நெட், சாஃப்ட்வேர் சேர்த்து 9,000. பேச்சுக்கும் வசூல் அலைச்சலுக்கும் போக, காசாகிற நேரம் மாதம் 100 மணிதான். ஆக மணிக்கு 440 விழுகிறது, நான் 450 வைத்திருக்கிறேன். உங்கள் செலவு வேறாக இருக்கும், ஆனால் அந்த 100 மணியை 200 என்று போட்டுவிடாதீர்கள். எல்லோரும் ஏமாறுவது அதில்தான்.

இப்போது என் கொட்டேஷனில் எத்தனை ஃபைல், எத்தனை கரெக்‌ஷன் (இரண்டுதான்), அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று எழுதியிருக்கும். புதிதாக ஏதாவது கேட்டால், வேலையைத் தொடும் முன்பே "இது தனி அண்ணே, 900 ஆகும், செய்யட்டுமா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் "அப்ப வேண்டாம்" என்கிறார்கள். அவ்வளவும் நான் முன்பு சும்மா செய்து கொடுத்த வேலை. ஓப்பன் ஃபைல் முழுப் பணம் வந்தபிறகுதான், அதற்கும் தனி விலை.

உத்யம் (சிறுதொழில் செய்கிறவர்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவு செய்யாதவர்கள் வேலை எடுக்கும் முன்பே செய்துவிடுங்கள். அரசுத் தளத்தில் இலவசம்தான், கட்டணம் கேட்கும் போலித் தளங்களில் மாட்டாதீர்கள். 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டப்படி, பதிவு பெற்றவருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. பணம் வராவிட்டால் அதற்கான அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம். நான் வேலை முடிந்தபிறகுதான் பதிந்தேன். பழைய பில்லுக்கு அது உதவாது என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

இந்த ஆடித் தள்ளுபடிக்கு அந்த மேனேஜர் மறுபடியும் கூப்பிட்டார். பாக்கி 7,000 வந்ததும் பேசலாம் அண்ணே என்றேன். அதன்பிறகு அழைப்பு வரவில்லை.