சூடாவதற்கு முன் கேட்க வேண்டிய சத்தம்: 1996 புல்லட்டுடன் 12 ஆண்டுகள்

2012-ல் சேலத்தில் ஒரு 1996 மாடல் ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 வாங்கினேன். காஸ்ட் அயர்ன் இன்ஜின், 346 சிசி, வலது காலில் கியர், பொறி உண்டாக்க பாயிண்ட் எனும் தொடுமுனைகள் உள்ள பழைய பாயிண்ட் இக்னிஷன். விலை 48,000 ரூபாய். 12 வருடம் ஓட்டியாகிவிட்டது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இன்ஜின் சத்தத்தைப் பற்றித்தான். என் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொன்னால், நான் பயந்துபோன சத்தம் ஒரு பைசா செலவு வைக்கவில்லை. காதில் போட்டுக்கொள்ளாமல் விட்ட சத்தம்தான் இன்ஜினையே கீழே இறக்க வைத்தது.

வண்டி பார்க்கப் போன அன்று, விற்றவர் வாசலிலேயே வண்டியை ஓட விட்டு நிறுத்தியிருந்தார். கிக்கரை ஒரே மிதி, உடனே பிடித்துக்கொண்டது. எனக்கு ஒரே சந்தோஷம். இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்ததால்தான் அப்படி என்று அப்போது தோன்றவில்லை. சூடான இன்ஜின் பாதி உண்மையை மறைத்துவிடும். பிஸ்டன் அலுமினியம். ஆறிய நிலையில் சுருங்கியிருக்கும், போர் (சிலிண்டரின் உட்சுவர்) தேய்ந்திருந்தால் பக்கவாட்டில் தட்டும். சூடேறியதும் விரிந்து உட்கார்ந்துகொள்ளும், சத்தமும் அடங்கிவிடும். அதனால் இப்போதெல்லாம் போனிலேயே சொல்லிவிடுகிறேன்: "நாங்க வர்ற வரைக்கும் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் முதல் வேலை சிலிண்டரில் கை வைத்துப் பார்ப்பது. சுட்டால், ஆறும் வரை காத்திருக்க வேண்டியதுதான்.

எனக்கு அன்று பயம் கொடுத்தது மேலே, சிலிண்டரை மூடியிருக்கும் ஹெட் பக்கம் கேட்ட "டிக் டிக் டிக்". இன்ஜினே போச்சு என்று நினைத்தேன். அதைச் சொல்லித்தான் விலையில் 2,000 ரூபாய் குறைத்தேன். அது டப்பெட் சத்தம், அதாவது வால்வைத் திறக்கும் பாகங்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளியில் வரும் தட்டல். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றினால்தான் ஒரு வால்வு ஒரு தடவை திறக்கும். ஆகவே அந்த டிக் சத்தம் இன்ஜின் வேகத்தில் பாதிக்குத்தான் வரும். கொஞ்சம் கவனித்தால் காதே பிரித்துச் சொல்லிவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் அண்ணன் வலது பக்க டப்பெட் கவரைத் திறந்தார். ஆறிய இன்ஜினில் பிஸ்டனை கம்ப்ரெஷனின் உச்சிக்குக் கொண்டுவந்து, டப்பெட்டிலிருந்து மேலே வால்வுப் பக்கம் போகும் புஷ் ராடை இரண்டு விரலால் சுற்றிக் காட்டினார். விரலுக்குச் சுலபமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. கால் மணி நேர வேலை, காசு வாங்கவில்லை. அதற்கப்புறமும் லேசாக டிக் டிக் இருந்தது, இன்றும் இருக்கிறது. இந்த இன்ஜினில் கொஞ்சம் டப்பெட் சத்தம் கேட்பது நல்லது. சத்தமே வரக் கூடாது என்று இறுக்கி வைத்தால் வால்வு முழுசாக மூடாமல், அது உட்காரும் சீட்டு எரிந்துபோகும்.

சரி, கோட்டை விட்டது எங்கே? வாங்கிய மாதமே ஆயிலை மாற்றினேன். பழைய ஆயில் கூழ் மாதிரி கெட்டியாக இறங்கியது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் தங்கத்தூள் கலந்ததுபோல மினுமினுப்பு. காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. இரும்புத் துகள் இல்லை என்று நிம்மதியாகி விட்டுவிட்டேன். ஒட்டாமல் மின்னியது புஷ் தேய்ந்த தூள். இந்தப் பழைய புல்லட்களில், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் கீழ் முனையில், பிக் எண்டில், இருப்பது புஷ் எனும் உலோக வளையம். அது தேய ஆரம்பித்ததற்கான முதல் சாட்சியை நான் கையில் வைத்துக்கொண்டே கீழே ஊற்றினேன்.

அப்புறம் 20W50 எனும் புது ஆயில் ஊற்றிய சில வாரங்களில் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. டிக் இல்லை, "டொக்" என்று கனமான சத்தம், மரக்கதவை விரல் முட்டியால் தட்டுவதுபோல. நின்ற இடத்தில் ஓட விட்டால் கேட்காது. சமதளத்தில் மெதுவாகப் போனாலும் கேட்காது. ஏற்காடு ஏறும்போது மட்டும், வளைவு முடிந்து டாப் கியரில் ஆக்ஸிலேட்டரை நன்றாகத் திருப்பினால் கேட்கும். ஆக்ஸிலேட்டரை விட்டால் மறைந்துபோகும். சங்ககிரிப் பக்கம் சமதளத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்ததால் அதைப் பெரிதாக நினைக்காமல் இரண்டரை வருடம் ஓட்டினேன். பழைய கெட்டி ஆயில், புஷ் தேய்ந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டிருந்ததால்தான் வாங்கும்போது அது கேட்கவில்லை என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் புரிந்தது. கெட்டி ஆயிலும் நன்றாகச் சூடானால் இளகிவிடும். அன்று இருபது நிமிடம் மேட்டில் ஓட்டிப் பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். நான் தெருமுனை வரை போய்த் திரும்பியிருந்தேன்.

2015-ல் இன்ஜினை இறக்கினோம். பிக் எண்ட் மாட்டியிருக்கும் கிராங்க் பின் தேய்ந்து வட்டமே போயிருந்தது. புது கனெக்டிங் ராடு கிட், லேத் பட்டறையில் ஃப்ளைவீல் இரண்டையும் பிரித்துப் பூட்டி, கோணலில்லாமல் சுற்றுகிறதா என்று டயல் கேஜில் சரிபார்த்தது, போர் போட்டு (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து) ஓவர்சைஸ் பிஸ்டன் என்று எல்லாம் சேர்த்து 17,500 ரூபாய், மூன்று வாரம். இதில் வண்டியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. முன்பு வைத்திருந்தவர் எத்தனை வருடம் ஆயில் மாற்றாமல் ஓட்டினாரோ, அதன் விலை அது. அதற்குப் பிறகு 2,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றுகிறேன். கீழே இதுவரை வேறு சத்தம் இல்லை.

சுத்தியலால் மெல்லத் தட்டுவதுபோல மேட்டில் கேட்கும் இன்னொரு சத்தம் உண்டு, கணகணவென்று, சில்லறைக் காசு குலுங்குவதுபோல. அது தேய்மானம் இல்லை, டைமிங், அதாவது பொறி விழும் நேரம், முன்னால் வந்திருக்கிறது. பாயிண்ட் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்து டைமிங் பார்த்தால் பெரும்பாலும் போய்விடும். இதையும் "டொக்"கையும் குழப்பிக்கொண்டு நல்ல வண்டியை விட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

மேலேயா கீழேயா என்று சந்தேகம் வந்தால் நீளமான ஸ்க்ரூடிரைவர் போதும். நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்தினால் எந்த இடத்தில் சத்தம் உரக்க இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். ராக்கர் கவர், சிலிண்டரின் நடு, கிராங்க் கேஸ் என மூன்று இடம் வைத்துப் பார்த்தால் போதும். போனில் பதிவு செய்து "இது ஓகேவா?" என்று எனக்கு அனுப்புகிறார்கள். போன் மைக்கில் டிக் சத்தம் பூதாகரமாகக் கேட்கும், கனமான டொக் காணாமலே போய்விடும். பயப்பட வேண்டியதை விட்டு, பயப்படத் தேவையில்லாததைக் காட்டும். நேரில் போவதற்கு ஈடே இல்லை. சத்தம் கூட்டும் சைலன்சர் மாட்டியிருந்தால், கம்பெனி சைலன்சரை மாட்டிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். மாட்ட மாட்டேன் என்றால் நான் அந்த வண்டியை வாங்க மாட்டேன். ஐடிலிங்கைக் கூட்டி வைத்திருந்தாலும் குறைக்கச் சொல்ல வேண்டும். புல்லட் மெதுவாக நின்று துடிக்கும்போதுதான் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கேட்கும்.

போன வருடம் சித்தப்பா பையனுக்கு ஆத்தூரில் ஒரு புல்லட் பார்க்கப் போனோம். கை வைத்தால் இன்ஜின் சுட்டது. உட்கார்ந்துவிட்டோம். அந்த வீட்டம்மா இரண்டு தடவை டீ கொடுத்தார். மூன்று மணி நேரம் கழித்து, சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்து, பிஸ்டன் சரியான இடத்துக்கு வந்ததை ஆம்ப் மீட்டர் முள்ளில் பார்த்து உதைத்தோம். முதலில் பிஸ்டன் தட்டியது, நான்கு நிமிடத்தில் அடங்கியது. டப்பெட் டிக் இருந்தது. அப்புறம் அரை மணி நேரம் நான் ஓட்டினேன், பையனைப் பின்னால் உட்கார வைத்து, மேடாகப் பார்த்து. கீழே ஒன்றும் இல்லை. போர் போடும் செலவைச் சொல்லி விலை பேசி முடித்தோம்.

திரும்பும் வழியில் வாழப்பாடியில் நிறுத்தினான். "அண்ணா, இடது பக்கம் ஏதோ கரகரங்குது." இன்ஜினை ஓட விட்டபடியே கிளட்சைப் பிடிக்கச் சொன்னேன். சத்தம் நின்றது. விட்டான், மறுபடி கரகரத்தது. கிளட்ச் பக்கமோ கியர் பாக்ஸ் பேரிங்கோ, இன்ஜின் இல்லை. மறுநாள் கவரைக் கழற்றிப் பார்த்தோம், கிளட்ச் பிளேட்டுகள் தேய்ந்திருந்தன.