கார்டினாலா, வால்ப்ரோயேட்டா, லெவிட்டிராசிட்டமா? வலிப்போடு தைராய்டு, மார்பகப் புற்றுநோயும் இருந்தால்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் வலிப்புக்கு வருஷக்கணக்கில் கார்டினால் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விலை குறைவு, ராத்திரி ஒரு வேளை போட்டால் போதும். அவர்களில் ஒருவருக்குத் தைராய்டில் புற்றுநோய் என்றால் வீட்டில் முதல் கேள்வியே, "இந்த மாத்திரையாலதான் வந்துச்சா?"

கார்டினாலில் இருப்பது ஃபீனோபார்பிட்டோன், 1912-இல் விற்பனைக்கு வந்த பார்பிட்யூரேட் (மூளையைத் தணிக்கும் மருந்து வகை). சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை 2001-இல் 2பி பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற பட்டியலில் வைத்தது உண்மைதான். ஆனால் அதற்கான வலுவான ஆதாரம் எலிகளிடம் கிடைத்தது. இந்த மருந்து எலியின் கல்லீரலை முடுக்கிவிட்டு தைராய்டு சுரக்கும் தைராக்சின் ஹார்மோனை வேகமாக வெளியேற்றுகிறது, அதை ஈடுகட்ட, தைராய்டை வேலைவாங்கும் டிஎஸ்எச் ஹார்மோன் ஏறுகிறது, அது தைராய்டைத் தூண்டிக்கொண்டே இருப்பதால் அங்கே கட்டி வளர்கிறது. மனித ரத்தத்தில் தைராக்சினைப் பிடித்துவைக்கும் புரதம் உண்டு. எலிக்கு ஒரு நாளுக்குள் பாதியாகும் தைராக்சின் நமக்குப் பாதியாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் எலியின் கட்டியை நம் கழுத்தில் தேட வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால் நிஜமான தொல்லை சிகிச்சை தொடங்கிய பிறகுதான். தைராய்டை எடுத்தவர்களுக்கு டிஎஸ்எச்சைத் தாழ்த்திவைக்கத் தைராக்சின் தருவார்கள், கார்டினால் நம் கல்லீரலையும் முடுக்கி அதை வேகமாக வெளியேற்றிவிடும், ஈடுகட்டத் தைராய்டு இல்லாததால் அளவைக் கூட்ட வேண்டி வரலாம். அதே காரணத்தால் மார்பகப் புற்றுநோய்க்கான தமோக்சிஃபென், புராஸ்டேட் புற்றுநோய்க்கான அபிராடெரோன் இரண்டின் அளவும் ரத்தத்தில் குறையக்கூடும்.

இன்னொரு வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட் அப்படிக் கல்லீரலை முடுக்காது. ஆனால் உடம்பு எடை போடும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையலாம், கீமோ நடக்கும்போது அது கூடுதல் தலைவலி. கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கோ குழந்தையின் முதுகுத்தண்டைப் பாதிக்கும் ஆபத்து வேறு.

மூன்றாவது வலிப்பு மருந்தான லெவிட்டிராசிட்டம் பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும், மற்ற மருந்துகளோடு சண்டை போடுவது அபூர்வம். கார்டினாலைவிட விலை அதிகம், தினம் இரண்டு வேளை போட வேண்டும், சிலருக்கு எரிச்சலும் கோபமும் வரும் (வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள்!). சிறுநீரகம் பழுதானால் அளவைக் குறைக்க வேண்டும். அப்படியும் புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவருக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

ஆனால் கார்டினாலை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள், விடாத வலிப்பில் கொண்டுபோய் விட்டுவிடும். நரம்பியல் மருத்துவர் மெதுவாகத்தான் குறைப்பார். மாற்றி முடித்ததும் பழைய தைராக்சின் அளவே அதிகமாகிப் படபடப்பு வரலாம் என்பதால், ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.