ஏலத்தில் எடுத்த 1965 லிங்கன் கான்டினென்டல்: ஒன்பது வருடம் ஓட்டிய பிறகு

ஏல மேடையில் அந்தக் கார் நின்றது மூன்று நிமிடம் இருக்கும். கருப்பு பெயின்ட், சிவப்புத் தோல் சீட், எதிர்ப்பக்கமாகத் திறக்கும் பின் கதவுகள். அதற்குள் என் கண்ணில் பட்டது அவ்வளவுதான். மற்றதைத் தெரிந்துகொள்ள ஒன்பது வருடம் பிடித்தது. பழைய அமெரிக்கக் காரை ஏலத்தில் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

2016 செப்டம்பர், இந்தியானாவில் ஒரு ஏலம். குறைந்தபட்ச விலை வைக்காமல் விட்டார்கள். 14,500 டாலரில் முடிந்தது. அதன் மேல் வாங்குபவர் கமிஷன் 10 சதவீதம், வீட்டுக்குக் கொண்டுவர டிரெய்லர் வாடகை 550. ஆக 16,500 டாலர், வரி தனி. ஏலத்துக்குப் போகிறவர்கள் கமிஷனையும் வண்டி வாடகையையும் சேர்த்துத்தான் மனதில் ஒரு வரம்பு வைத்துக்கொள்ள வேண்டும். மேடையில் கேட்கும் விலை கையை விட்டுப் போகும் விலை ஆகாது.

வீட்டுக்கு வந்த அன்று இரவு டார்ச் வைத்துக்கொண்டு கதவோரத் தகட்டில் இருந்த எண்ணைப் படித்தேன். 5ஒய்82என் என்று ஆரம்பித்தது. 5 என்றால் 1965. 82 என்றால் நாலு கதவு செடான். என் என்றால் 430 கன அங்குல வி8 எஞ்சின். ஒய் என்றால் விக்ஸம் தொழிற்சாலை. நான் இருப்பது மிச்சிகனில், நோவையில். விக்ஸம் எங்களுக்குப் பக்கத்து ஊர். 1957-ல் திறந்த அந்தத் தொழிற்சாலையை 2007-ல் மூடிவிட்டார்கள். ஐம்பத்தோரு வருடம் எங்கெங்கோ ஓடிவிட்டு, பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றிருக்கிறது. அந்த எண்ணைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது நிஜம்.

இந்த மாடலின் அழகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1960-ன் லிங்கன் பத்தொன்பது அடி நீளத்தை நெருங்கியது, உடம்பெல்லாம் மடிப்பும் குரோமும். 1961-ல் எல்வுட் எங்கல் வரைந்த வடிவம் ஒரு அடிக்கு மேல் குறுகி, அலங்காரத்தையெல்லாம் உதறிவிட்டு வந்தது. லிங்கன் ஃபோர்டு நிறுவனத்தின் பிராண்டு. இந்த வடிவத்தை முதலில் ஃபோர்டின் தண்டர்பேர்டு காருக்காக வரைந்ததாம். அப்போது ஃபோர்டில் உயர் பதவியில் இருந்த ராபர்ட் மெக்நமாரா கண்ணில் பட்டு லிங்கன் ஆனது. முன் விளக்குக்கு மேல் ஆரம்பிக்கும் ஒரு மெல்லிய பளபளப்புப் பட்டை, ஃபெண்டரின் விளிம்பிலேயே ஓடி, ஜன்னல்களுக்குக் கீழே போய்ப் பின் விளக்கில் முடிகிறது. காரைக் கழுவும்போது நான் எப்போதும் அந்தப் பட்டையில்தான் ஆரம்பிப்பேன். துணியை வைத்து முன்னாலிருந்து பின்னால் வரை ஒரே இழுப்பு. அறுபது வருடம் கழித்தும் கை எங்கும் தட்டுவதில்லை.

1964-ல் முன், பின் சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரத்தை மூன்று அங்குலம் நீட்டினார்கள். அதனால் என் வண்டியில் பின் சீட்டில் கால் நீட்ட இடம் தாராளம். பின் கதவு எதிர்ப்பக்கமாகத் திறப்பதால் குனிந்து நெளிந்து ஏற வேண்டாம், நேராக வந்து உட்காரலாம். எண்பது வயதில் ஊரிலிருந்து வந்த என் மாமியார் எங்கள் புதுக் காரில் ஏறத் தயங்குவார். இதில் அவரே ஏறி, அவரே இறங்கினார். "இதுதான் மாப்பிள்ளை வசதியா இருக்கு" என்றார்.

சரி, சிக்கல்களுக்கு வருகிறேன். முதல் மாதமே பிரேக் பயமுறுத்தியது. நல்லவேளையாகக் காலி பார்க்கிங் இடத்தில். மிதி அப்படியே தரை வரை போய்விட்டது. ஏல விவரத்தில் "பிரேக் புதிது" என்று இருந்தது. பிரித்துப் பார்த்தால் முன் டிஸ்க்குக்கு பேடு மட்டும்தான் புதிது. பின் டிரம்மில் வீல் சிலிண்டரின் ரப்பர் நைந்து எண்ணெய் கசிந்திருந்தது. 1965-ல்தான் இந்தக் காருக்கு முன் டிஸ்க் வந்தது, ஆனால் மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று, அதாவது நாலு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய்ப் பாதை. அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் அதுதான் வழக்கம். எங்கே கசிந்தாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அந்த வாரமே இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் மாட்டினேன், ரப்பர் குழாய் எல்லாவற்றையும் மாற்றினேன். அசல் பாகம் போய்விட்டதே என்று சில நண்பர்கள் வருத்தப்பட்டார்கள். இரண்டு டன்னுக்கு மேல் எடை, உள்ளே என் குடும்பம். இதில் அசலா மாற்றா என்ற பேச்சுக்கே இடமில்லை.

அடுத்தது வைப்பர். இதில் மின் மோட்டார் கிடையாது. பவர் ஸ்டீயரிங் பம்பிலிருந்து வரும் எண்ணெயின் அழுத்தத்தில் ஓடுகிறது. குமிழைத் திருகத் திருக வேகம் சன்னமாகக் கூடும், சத்தமே வராது. எனக்கு ரொம்பப் பிடித்த அமைப்பு. ஆனால் 2018-ல் நெடுஞ்சாலையில் நல்ல மழையில் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது, கூடவே ஸ்டீயரிங்கும் கனத்தது. எண்ணெய்க் குழாய் ஒன்று விரிசல் விட்டு, பம்பில் எண்ணெய் தீர்ந்திருந்தது. ஓரம் கட்டி நாற்பது நிமிடம் மழை விடக் காத்திருந்தோம். இப்போது எண்ணெய் மட்டம் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை.

கதவுப் பூட்டு வேக்குவத்தில், அதாவது காற்றை உறிஞ்சும் விசையில் இயங்குகிறது. நன்றாக இருக்கும்போது ஒரு சின்ன "புஸ்" சத்தத்தோடு நாலும் பூட்டிக்கொள்ளும். எனக்கு வந்தபோது ஒன்றுகூட அசையவில்லை. கதவுகளுக்குள் ஓடும் குழாய்களை ஒவ்வொன்றாக உருவி, வாயில் வைத்து ஊதி, எங்கே காற்று போகிறது என்று தேடினோம். ஒரு பனிக்காலம் முழுக்க நானும் என் மகளும் செய்த வேலை அது. அவளுக்கு அப்போது பதினொரு வயது. கதவின் உள்ளே என் கை நுழையாத இடத்தில் அவள் கை நுழைந்தது.

எஞ்சினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 320 குதிரைத்திறன் என்று கணக்கு. ஆனால் வேகத்தை விட அதன் நிதானம்தான் பெருமை. மணிக்கு 65 மைலில் போகும்போது பின் சீட்டில் தாழ்ந்த குரலில் பேசினாலும் முன்னால் கேட்கும். பெட்ரோல்தான் குடிக்கும். பிரீமியம் போட்டும் கேலனுக்கு 10, 11 மைல்தான் எனக்குக் கிடைக்கிறது. முடிந்தவரை எத்தனால் கலக்காத பெட்ரோல் போடுகிறேன். பழைய ரப்பர் பாகங்களுக்கும் மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதற்கும் அதுதான் நல்லது.

இன்னொரு இடத்தில் நான் தப்பித்தது அதிர்ஷ்டம். இந்தக் காருக்கு அடியில் தனி ஃபிரேம் கிடையாது, உடலே ஃபிரேம். கீழ்ப்பலகை துருப்பிடித்தால் காரின் முதுகெலும்பே போன மாதிரி. என் வண்டி பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவாத மாநிலத்தில் பெரும்பாலும் இருந்திருக்கிறது, அடியில் துரு குறைவு. ஏலத்தன்று நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முன்னாடியே போய் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவுக்குக் கீழே, சக்கர வளைவில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்டுக்கு அடியில் பட்டிதான் இருக்கும். மைல் கணக்கை நம்பாதீர்கள், மீட்டரில் ஐந்து இலக்கம்தான். என்னுடையதில் இருந்த 61,000 உண்மையில் 1,61,000 ஆகவும் இருக்கலாம். பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்திருப்பதைப் பார்த்தால் ஓரளவு புரியும். நாலு கதவு கன்வெர்டிபிள் இதைவிட அழகுதான், 1967 வரை செய்தார்கள். ஆனால் அந்தக் கூரையை மடித்து டிக்கிக்குள் இறக்க எத்தனையோ மோட்டார், ரிலே, சுவிட்ச். முதல் பழைய காராக அதை எடுக்க நான் சொல்லமாட்டேன்.

ஒன்பது வருடத்தில் ஏறக்குறைய 19,000 டாலர் செலவு செய்திருக்கிறேன், வாங்கிய விலையை விட அதிகம். ஓடியது 14,000 மைல். நவம்பரில் கராஜில் ஏற்றினால் ஏப்ரலில் சாலை உப்பை மழை கழுவிய பிறகுதான் வெளியே. காரின் நீளம் பதினெட்டு அடி, கராஜின் ஆழம் இருபது. மிச்சிகனில் வரலாற்று வாகன நம்பர் பிளேட் வாங்கினால் கண்காட்சி, ஊர்வலம் மாதிரிக் காரியங்களுக்குத்தான் எடுக்கலாம், ஆகஸ்ட் மாதம் மட்டும் சாதாரணப் போக்குவரத்துக்கும் அனுமதி. நான் அந்த மாதம் முழுக்க வேலைக்கே இதில்தான் போவேன். மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கம் உட்வர்ட் சாலையில் பழைய கார்கள் ஆயிரக்கணக்கில் உலா வரும், அதிலும் கலந்துகொள்வோம்.

இந்த வருடம் ஓட்டப்போவது என் மகள். லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அதற்குள் இடது பின் கதவின் கண்ணாடி இறங்காமல் மாட்டிக்கொண்டிருப்பதைச் சரிசெய்ய வேண்டும். மோட்டார் வந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை பிரிக்கிறோம்.