பென்டிரைவா, வைஃபையா, ஹெச்டிஎம்ஐ கேபிளா? லேப்டாப் வீடியோவை டிவியில் ஓட்ட எது நிம்மதி

லேப்டாப்பில் ஜோராக ஓடுகிற வீடியோ டிவிக்குப் போனதும் மக்கர் பண்ணினால் மூன்று வழி உண்டு: பென்டிரைவில் போட்டுச் சொருகுவது, வைஃபை வழியாக அனுப்புவது, ஹெச்டிஎம்ஐ கேபிளை மாட்டுவது. செங்கோட்டையில் எங்கள் வீட்டில் மூன்றையும் ஓட்டிப் பார்த்துவிட்டு இப்போது கேபிளில் நிற்கிறோம். என் ஓட்டு அதற்குத்தான்.

வைஃபையைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். வயர் தொல்லை கிடையாது. ஆனால் இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளின் கனத்த சுவரைத் தாண்டும்போது 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் தேய்ந்துவிடுகிறது, 2.4-க்கு மாற்றினால் அக்கம்பக்கத்து ரூட்டர்களோடு நெரிசல். யூடியூப் ஓடும், பெரிய கோப்பு திக்கித் திக்கி நிற்கும். ஜெல்லிஃபின் மாதிரி சர்வர் மென்பொருள், டிவிக்குப் புரியாத கோப்பை ஓட்டும்போதே மாற்றிக் கொடுக்கும். நான் அதைக் கொஞ்ச காலம்தான் வைத்திருந்தேன் என்பதால் அடித்துப் பேச மாட்டேன். ரூட்டரிலிருந்து டிவிக்கு லேன் வயர் இழுக்க வசதி இருந்தால் முயன்று பாருங்கள்.

பென்டிரைவில்தான் விஷயம் இருக்கிறது. புனலூர் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த கேமரா கோப்புகள், எடிட் பண்ணாமல் அப்படியே, எங்களுக்கு வந்தன. சில கோப்புகளை டிவி திறக்கவே மறுத்தது. சிலவற்றில் படம் வந்தது, சத்தம் வரவில்லை. அத்தை டிவியைப் பார்த்துவிட்டு, "நாதஸ்வரம் ஊதுறது தெரியுது, சத்தத்தக் காணுமே மாப்ளே" என்றார்கள். அதே பென்டிரைவ் லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

காரணத்தைக் கண்டுபிடிக்க விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரில் கோப்பைத் திறந்து கன்ட்ரோல்-ஜே அழுத்தினால் போதும். படம் எந்த கோடெக், ஒலி எந்த கோடெக் என்று, அதாவது எந்த முறையில் கோப்பாக்கப்பட்டவை என்று காட்டிவிடும். எங்களுடையதில் ஒலி பிசிஎம் (சுருக்காத ஒலி), படம் 10 பிட் 4:2:2 (நிற விவரம் அதிகமாக உள்ள வகை). டிவிக்குள் இருக்கும் சிப் பொதுவாக நிற விவரம் குறைந்த 4:2:0 படத்துக்குத்தான் தயார். சினிமாக் கோப்புகளில் சத்தம் வராவிட்டால் பெரும்பாலும் டிடிஎஸ் என்ற சினிமா ஒலி வகையாக இருக்கும். சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ்ஸை விட்டுவிட்டது. எல்ஜி 2020-ல் நிறுத்தி, 2023-ல் சில மாடல்களில் திரும்பக் கொண்டுவந்தது.

என்னைக் கேபிள் பக்கம் சாய்த்தது இதுதான்: டிவி வாங்கிய அன்றைக்கு எதைப் பிரித்துப் படிக்கத் தெரியுமோ, கடைசி வரை ஏறக்குறைய அவ்வளவுதான் தெரியும். பட கோடெக்குகளில் ஹெச்264 2003-லும் ஹெச்இவிசி 2013-லும் ஏவி1 2018-லும் வந்தவை. 2016-ல் வாங்கிய டிவிக்கு ஏவி1 தெரிய வழியே இல்லை. லேப்டாப் அப்படியில்லை. விஎல்சியைக் காசில்லாமல் புதுப்பித்தால் புது கோடெக்கும் சேர்ந்து வந்துவிடும். கேபிள் மாட்டினால் பிரிக்கிற வேலை முழுக்க லேப்டாப்புடையது. டிவிக்குத் தயாரான படமும் சத்தமும் மட்டும் போகும். கோப்பு எந்த வகை என்பது டிவிக்குத் தெரிய வேண்டியதே இல்லை. டிவியை மாற்றாமல் இன்னும் பல வருஷம் ஓட்ட நினைக்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய லாபம் கிடையாது.

சப்டைட்டிலும் அப்படியே. மலையாளப் படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் போட்டால் எங்கள் டிவி கட்டம் கட்டமாகக் காட்டியது. விஎல்சியில் எழுத்துருவை, விண்டோஸோடு வரும் நிர்மலா யுஐ என்று வைத்ததும் கொம்பும் காலும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தன.

பென்டிரைவுக்கும் நியாயம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் ரிமோட்டிலேயே எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். 4கே ஹெச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதலாகக் காட்டும் வகை) கோப்பு என்றால் டிவியே நேரடியாக ஓட்டுவது நல்லது. விண்டோஸில் அந்த நிறங்களைச் சரிக்கட்டுவது பெரிய வேலை. பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்யுங்கள். அதற்கு முன் டிவி அதைப் படிக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் மட்டும்தான் சிக்கல் என்றால் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் படத்தை அப்படியே காப்பி செய்யச் சொல்லி ஒலியை மட்டும் ஏஏசி என்ற வகைக்கு மாற்றினால் சில நிமிஷத்தில் முடியும். ஹேண்ட்பிரேக் என்ற இன்னொரு மென்பொருள் படத்தையும் மறுபடி மாற்றும், அதனால் நேரம் இழுக்கும்.

கேபிளில் வரும் கோளாறுகள் சின்னவை. சத்தம் லேப்டாப்பிலேயே வந்தால், ஸ்பீக்கர் குறியை அழுத்தி டிவியின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் டிவியின் பிக்சர் சைஸில் 'ஸ்கிரீன் ஃபிட்' அல்லது 'ஜஸ்ட் ஸ்கேன்' வையுங்கள். லேப்டாப்பை மூடினால் தூங்கிவிடுவதைப் பவர் செட்டிங்கில் நிறுத்திவிடலாம். புது லேப்டாப்பில் டைப்-சி மட்டும் இருந்தால், அந்தத் துளை வழியாகப் படம் வெளியே வருமா என்று மாடல் விவரத்தில் பார்த்துவிட்டு அடாப்டர் வாங்குங்கள். எல்லா டைப்-சியிலும் வராது.