நாய்க்குட்டியின் முதல் ஆண்டு: வேகமாக வளர்ப்பதா, அளந்து வளர்ப்பதா?

ஆறு மாத லேப்ரடார் குட்டி 30 கிலோ இருந்தால் பார்ப்பவர்கள் எல்லோரும் மெச்சுகிறார்கள். அதே வயதில் 22 கிலோவில், இடுப்பு ஒடுங்கி, தடவினால் விலா எலும்பு விரலில் தட்டுப்படும் குட்டியைப் பார்த்தால் “சாப்பாடே போடுறதில்லையா?” என்று கேட்கிறார்கள். இந்த இரண்டில் எந்தக் குட்டி பத்து வயதிலும் மாடிப்படி ஏறும் வாய்ப்பு அதிகம் என்ற கேள்விக்கு ஆய்வுகள் தரும் விடை தெளிவானது. ஒடுங்கிய இடுப்புக் குட்டிதான்.

சென்னையில் குட்டி வளர்ப்பவர்களிடம் இரண்டு முறைகள் உண்டு. முதலாவது, தட்டு காலியாகாத முறை. காலையில் செர்லாக், மதியம் சிக்கன் சோறு, மாலையில் முட்டை, இரவு பால், நடுவில் பிஸ்கட், எல்லாவற்றுக்கும் மேல் கால்சியம் சிரப். இரண்டாவது, வாரம் ஒரு முறை எடை பார்த்து, கிராம் கணக்கில் அளந்து வைத்து, பதினைந்து இருபது நிமிடத்தில் தட்டை எடுத்துவிடும் முறை. இரண்டிலும் நாய் கடைசியில் எட்டும் உயரம் ஏறக்குறைய ஒன்றுதான், ஏனென்றால் உயரத்தை மரபணு முடிவு செய்துவிடுகிறது. அந்த உயரத்தை எவ்வளவு சீக்கிரம் எட்டுகிறது என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. மூட்டும் ஆயுளும் அந்த வேகத்தைப் பொறுத்தவை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

நாய் உணவு தயாரிக்கும் பியூரினா நிறுவனம் செய்து 2002இல் வெளியான ஆய்வு இந்த விஷயத்தில் அடிப்படையானது. 48 லேப்ரடார் குட்டிகளை, ஒரே ஈற்றில் பிறந்தவையாகவும் ஒரே பாலினமாகவும் இணை இணையாகப் பிரித்தார்கள். எட்டு வார வயதிலிருந்து ஒன்றுக்கு வழக்கமான அளவு, அதன் இணைக்கு அதே உணவில் 25 சதவீதம் குறைவு. சாகும் வரை இப்படியே. வழக்கமாகத் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் (கூட்டத்தில் பாதி நாய்கள் இறந்துவிட்ட வயது) 11.2 ஆண்டு, குறைவாகத் தின்றவற்றுக்கு 13 ஆண்டு. மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்ட வயதைப் பார்த்தால், முதல் கூட்டத்தில் பாதி நாய்கள் 10.3 வயதுக்குள் அந்த நிலைக்கு வந்துவிட்டன. இரண்டாவது கூட்டத்தில் அது 13.3 வயது.

குறைவான உணவு வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்ததால், கூடிய ஆயுளை முழுதும் குட்டிப் பருவத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனால் இரண்டு வயதிலேயே எடுத்த இடுப்பு எக்ஸ்ரேயில் வேறுபாடு வந்துவிட்டது. வழக்கமாகத் தின்ற 24 நாய்களில் 16க்கு இடுப்பு மூட்டு பிசகி வளர்ந்திருந்தது. குறைவாகத் தின்ற 24இல் 7க்கு மட்டும். இது வளரும் மாதங்களில் நடந்த வேலை. எலும்பும் குருத்தெலும்பும் மென்மையாக இருக்கும் நேரத்தில் மேலே ஏறும் எடை, மூட்டுக் கிண்ணத்தின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. பிறகு எடையைக் குறைத்தால் வலி குறையும். கிண்ணம் திருந்தாது.

வளர்ச்சி வேகத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பு நாயோடு நிற்பதல்ல. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஸ்டிக்கிள்பேக் என்ற சிறு மீன்களை வைத்துச் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், இளம் பருவத்தில் சிறிது காலம் மட்டும் தண்ணீரின் வெப்பத்தைக் கூட்டியும் குறைத்தும் வளர்ச்சியைத் திருப்பினார்கள். குளிரில் பின்தங்கிய மீன்கள், நீர் பழைய நிலைக்கு வந்ததும் விட்டதைப் பிடிக்க வேகமாக வளர்ந்தன. அவற்றின் ஆயுள் 14.5 சதவீதம் குறைந்தது. வெப்பத்தில் முந்திக்கொண்டு, பிறகு மெதுவாக வளர்ந்தவை 30.6 சதவீதம் கூடுதலாக வாழ்ந்தன. கடைசியில் எல்லாம் வந்து சேர்ந்தது ஒரே உடல் அளவுக்கு. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2004இல் சுண்டெலிகளில் காட்டியதும் இதையே: தாய் வயிற்றில் புரதம் குறைந்து சிறிதாகப் பிறந்து, பிறகு நன்றாகத் தின்ற தாயிடம் பால் குடித்து மளமளவென்று வளர்ந்த ஆண் எலிகள் சீக்கிரம் செத்தன. மெதுவாக வளர்ந்தவை நீண்ட நாள் இருந்தன. வேகமாக உடலைக் கட்டும்போது செல்களில் ஏற்படும் பழுதைச் சரிபார்க்க உடலுக்கு நேரமும் சக்தியும் போதாமல் போகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம்.

இதைப் படித்துவிட்டு “அப்படியானால் பட்டினி போட்டால் நல்லது” என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. அளந்து வைப்பது வேறு, இல்லாமல் வளர்வது வேறு. கென்யாவின் அம்போசெலியில் 1971 முதல் கவனிக்கப்பட்டு வரும் பபூன் குரங்குகளில் 196 பெண் குரங்குகளின் வாழ்வை ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். வறட்சியில் பிறப்பு, சிறுவயதில் தாயை இழப்பது, கூட்டத்தில் தாய்க்குத் தாழ்ந்த இடம், அடுத்த குட்டி சீக்கிரம் பிறந்துவிடுவது போன்ற ஆறு கஷ்டங்களைக் கணக்கெடுத்தார்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்டவற்றைக் கண்டவை, ஒன்று மட்டும் கண்டவற்றையோ எதுவும் காணாதவற்றையோ விடச் சுமார் பத்து ஆண்டு முன்னதாக இறந்தன. “கஷ்டத்துல வளர்ந்தா எதையும் தாங்கும்” என்ற பேச்சுக்கு இங்கே ஆதரவு இல்லை.

எவ்வளவு வைப்பது

அளவு முறைக்குத் தேவையான கணக்கை செல்பேசியிலேயே போடலாம். குட்டியின் எடையை (கிலோவில்) எடை × எடை × எடை என்று பெருக்கி, வர்க்கமூலம் இரண்டு முறை எடுத்து, 70ஆல் பெருக்கவும். அது சும்மா படுத்திருந்தாலே செலவாகும் கிலோ கலோரி. நான்கு மாதம் வரை அதை மூன்று மடங்கு ஆக்க வேண்டும், அதற்குப் பிறகு வளர்ந்து முடியும் வரை இரண்டு மடங்கு. 5 கிலோ எடையுள்ள இரண்டு மாதக் குட்டிக்கு 234 கிலோ கலோரி, மூன்று மடங்கு ஆக்கினால் சுமார் 700. பாக்கெட் உணவில் 100 கிராமுக்கு 380 கிலோ கலோரி என்று அச்சிட்டிருந்தால் நாளுக்கு 185 கிராம். நான்கு மாதம் கடந்த 15 கிலோ குட்டிக்கு 534, இரண்டு மடங்கு 1,068, அதாவது 280 கிராம். வளர்ந்த பிறகு 28 கிலோவுக்கு மேல் வரக்கூடிய இனம் என்றால் “பெரிய இனக் குட்டி” என்று குறித்த பாக்கெட்டையே வாங்குங்கள்.

இது தொடக்கப் புள்ளிதான். முடிவைச் சொல்வது தராசும் கையும். வாரம் ஒரு முறை குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துப் பாருங்கள். வளர்ந்த நாயாக 30 கிலோ வரும் என்று எதிர்பார்க்கும் குட்டி, முதல் ஐந்து மாதங்களில் நாளுக்கு 60 முதல் 120 கிராம் ஏறலாம், வாரத்துக்கு 420 முதல் 840 கிராம். அதற்கு மேல் போனால் உணவில் பத்து சதவீதம் குறைக்கவும். விலா எலும்பு கண்ணுக்குத் துருத்தாமல், லேசாகத் தடவியதும் விரலுக்குத் தெரிய வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பில் வளைவு தெரிய வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களை வளர்ப்பவர்களுக்கு ஒன்று: இவற்றின் விலா கண்ணுக்கே தெரிவது இயல்பு. அதை லேப்ரடாரோடு ஒப்பிட்டுச் சதை ஏற்ற முயல்வது ஓட்ட நாய்க்குச் செய்யும் கெடுதல்.

வீட்டில் எல்லோரும் தனித்தனியாகத் தரும் துண்டுகள்தான் கணக்கைக் கவிழ்க்கின்றன. ஒரு மேரி பிஸ்கட்டில் 20 கிலோ கலோரிக்கு மேல் உண்டு. நாளுக்கு ஐந்து என்றால் 5 கிலோ குட்டியின் தேவையில் ஏழில் ஒரு பங்கு. காலையிலேயே ஒரு டப்பாவில் அன்றைய மொத்த உணவையும் அளந்து போட்டு, பழக்குவதற்குத் தரும் துண்டுகளையும் அதிலிருந்தே எடுக்கச் சொன்னால் இந்தச் சிக்கல் தீரும். வெளித் தின்பண்டம் பத்து சதவீதத்தைத் தாண்ட வேண்டாம்.

வீட்டுச் சமையலா, பாக்கெட்டா. நடுவில் கால்சியம் சிரப்

சென்னைக் குட்டிகளின் கால் வளைவதற்கு இரண்டு எதிரெதிர்க் காரணங்கள் உண்டு. வீட்டுச் சோறும் எலும்பில்லாத சிக்கனும் மட்டும் தின்னும் குட்டிக்குக் கால்சியம் போதாது. கறியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பத்து மடங்குக்கும் மேல். உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி இரத்தத்துக்கு அனுப்பும். எலும்பு மெலிந்து, சோபாவிலிருந்து குதித்தாலே விரிசல் விடும். மறுபக்கம், நல்ல குட்டி உணவோடு கால்சியம் சிரப்பும் சேர்த்துத் தின்னும் பெரிய இனக் குட்டிக்கு அதிகக் கால்சியமே பகை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தடுக்கும் திறன் இன்னும் வரவில்லை, கொடுத்ததில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். குருத்தெலும்பு எலும்பாக மாறும் ஒழுங்கு குலைந்து கால் கோணுகிறது.

தேவை 1,000 கிலோ கலோரிக்குச் சுமார் 3 கிராம் கால்சியம். பெரிய இனக் குட்டிக்கு 4.5 கிராமைத் தாண்டக் கூடாது. “முழுமையான சமச்சீர் உணவு, வளர்ச்சிக் காலத்துக்கு” என்று அச்சிட்ட பாக்கெட்டில் இது ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் ஒரு சொட்டு சிரப்பும் வேண்டாம். வீட்டுச் சமையல்தான் என்றால், நன்றாக அரைத்த முட்டை ஓட்டுத்தூள் 8 கிராமில் சுமார் 3 கிராம் கால்சியம் கிடைக்கும். ஆனால் வைட்டமின் டி, துத்தநாகம், தாமிரம் ஆகியவற்றின் குறை அதனால் தீராது. கால் வளைந்த குட்டியை மொட்டை மாடி வெயிலில் விடுவதும் பயன் தராது. மனிதத் தோல்போல நாயின் தோல் போதுமான வைட்டமின் டியைத் தயாரிப்பதில்லை, உணவில்தான் வர வேண்டும். ஆகவே முதல் ஆண்டு மட்டுமாவது பாக்கெட் உணவை அடிப்படையாக வைப்பது பாதுகாப்பு. வீட்டில்தான் சமைப்பேன் என்பவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் குட்டியின் எடைக்கு ஏற்ற பட்டியலை எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

35 நாள் குட்டியா, 56 நாள் குட்டியா

இதில் தயங்க இடமே இல்லை. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்பது 2017இன் நாய் இனப்பெருக்க, விற்பனை விதி. இருந்தும் 30, 35 நாளில் கைமாறுகிறது. இத்தாலியில் 30–40 நாளில் தாயைப் பிரிந்த 70 நாய்களையும் 60 நாளில் பிரிந்த 70 நாய்களையும் ஒப்பிட்டதில், முன்னவையே அதிகம் பயந்தன, குரைத்தன, பொருள்களைக் கடித்துக் குதறின. விற்பவர் எவ்வளவு அடித்துப் பேசினாலும் எட்டு வாரத்துக்கு முன் வாங்காதீர்கள்.

தெருவில் கிடைத்த எலும்பும் தோலுமான குட்டி

மீனும் எலியும் சொல்லும் பாடம் மிகவும் பொருந்தும் இடம் இது. இரக்கத்தில் வயிறு முட்ட வைப்பவர்களும் படிப்படியாக ஏற்றுபவர்களும் என்று இங்கேயும் இரண்டு கட்சி. நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று நிறையத் தின்றால் இரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து இதயமே நின்றுவிடலாம், வயிற்றுப்போக்கு நிச்சயம். ஆகவே முதலில் உடல் சூடு, பிறகு நீர்ச்சத்து, அதன் பிறகே உணவு. உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழ் இருக்கும் பச்சைக் குட்டிக்கு எதையும் ஊட்டாதீர்கள், குடல் இயங்காது. துவண்டு கிடந்தால் ஈறில் குளுக்கோஸ் நீரைத் தடவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள். பால் மறந்த குட்டிக்கு முதல் நாள் ஓய்வுநிலைக் கலோரியில் (மேலே சொன்ன, சும்மா படுத்திருந்தாலே செலவாகும் அளவில்) கால் பங்கு, ஆறு வேளையாகப் பிரித்து. நான்கைந்து நாளில் முழு அளவுக்கு. அதன் பிறகே வளர்ச்சிக்கான மடங்கு. குடல்புழு மருந்தும் தடுப்பூசித் தேதியும் மருத்துவர் குறித்துத் தரட்டும்.

நான்கு வாரத்துக்கு உட்பட்டதென்றால் பாலில்தான் போட்டி. பசும்பாலில் புரதம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல், தாய் நாயின் பாலில் 7 முதல் 8. கொழுப்பும் அதில் இரண்டு மடங்குக்கும் மேல், பாற்சர்க்கரை குறைவு. ஆட்டுப்பாலும் பசும்பாலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதில் தண்ணீரும் கலந்தால் குட்டி வயிறு நிறைந்தும் பட்டினி கிடக்கும். நாய்க்குட்டிக்கான பால்பவுடரே சரியான தேர்வு. குப்புறப் படுக்க வைத்து ஊட்டுங்கள், மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குப் போகும். ஊட்டிய பின் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே துடைத்தால்தான் சிறுநீரும் மலமும் வரும்.

படிக்கட்டு, டைல்ஸ், கருத்தடை

நார்வேயில் நான்கு பெரிய இனங்களைத் தொடர்ந்து கவனித்ததில், மூன்று மாத வயதுக்கு முன் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுப் பிசகு கூடியது. மெத்தென்ற தரையில் கட்டின்றி ஓடியவற்றுக்குக் குறைந்தது. தடுப்பூசி முடியாத குட்டியைத் திருவான்மியூர் கடற்கரை மணலில் விட முடியாது, குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் படியில் தூக்கிச் செல்லவும், கூடத்து டைல்ஸ் மேல் ரப்பர் பாய் விரிக்கவும்.

கருத்தடையில் வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் ஒரே பதில் இல்லை. பாலின ஹார்மோன்தான் எலும்பின் வளர்முனைகளை மூடச் சொல்கிறது. 2013இல் வெளியான 759 கோல்டன் ரெட்ரீவர்களின் ஆய்வில், ஒரு வயதுக்கு முன் கருத்தடை செய்த ஆண் நாய்களில் பத்து சதவீதத்துக்கு இடுப்புப் பிசகு, செய்யாதவற்றைவிட இரண்டு மடங்கு. பெரிய இனத்து ஆண் குட்டிக்கு ஓராண்டு கடந்து செய்யலாம். தெருவில் திரியும் நாய்க்கு வாய்ப்பு கிடைக்கும்போதே செய்துவிடுவது நல்லது. அடுத்தடுத்த ஈற்றும் சண்டையும் அதற்கு மூட்டைவிடப் பெரிய ஆபத்து. கருத்தடைக்குப் பின் சக்தித் தேவை ஏறக்குறைய கால் பங்கு இறங்கும், அந்த வாரமே டப்பாவில் போடும் அளவையும் குறைக்கவும். வளர்ந்த நாய்க்கான உணவுக்கு மாறுவது லேப், ஷெப்பர்டுக்கு 12 முதல் 15 மாதத்தில், கிரேட் டேனுக்கு 18 மாதம் கடந்து. பழையதையும் புதியதையும் கலந்து ஏழு நாளில் மாற்றினால் வயிறு கெடாது.