கண்டி டவுன் பழைய புத்தகக் கடை, அமெரிக்கப் பழங்குடியான அபாச்சிக்காரங்ககிட்ட வளர்ந்த பையனோட கதைக்காகவே போகலாம்

கண்டி மார்க்கட் பக்கத்து சந்துல மேல்மாடியில இருக்குற கடை, போர்டு சின்னதுதான், பாத்துப் போங்க. நான் கேட்டுப் போனது ராபர்ட் நாக்ஸ் புத்தகம், 1660ல நம்ம கண்டி ராஜா ஆளுங்ககிட்ட பிடிபட்டு 1679ல தப்பிச்சுப் போனாரே அவர் எழுதினது. அத எடுத்துக் குடுத்துட்டு முதலாளி, "தம்பி, பிடிபட்டவங்க சொன்ன கதைதான் புடிக்கும்னா இதையும் பாருங்க"ன்னு உள்ள ராக்கையில இருந்து ஹெர்மன் லேமன் புத்தகத்தக் கொண்டுவந்து வச்சார். இப்படி ஆளப் பாத்து புத்தகம் எடுத்துக் குடுக்குற கடை இப்ப எங்கங்க இருக்கு?

லேமன் டெக்சாஸ்ல குடியேறின ஜெர்மன் குடும்பத்துப் பையன். 1870 மே மாசம், பத்து வயசுல, கோதுமை வயல்ல குருவி வெரட்டப் போன இடத்துல அபாச்சிக்காரங்க தூக்கிட்டுப் போறாங்க. கூடப் பிடிபட்ட தம்பி கொஞ்ச நாள்லயே தப்பிச்சு வீடு வந்துட்டான், இவன் அங்கயே வளர்ந்து சண்டைக்கும் போறான், அப்புறம் தன்னை வளர்த்த கார்னோவிஸ்டேய கொன்ன மந்திரவாதியக் கொன்னுட்டு ஓடி, தனியா மலை இடுக்குல ஒளிஞ்சு கெடந்து, கடைசியா இன்னொரு பழங்குடியான கொமாஞ்சிக்காரங்ககூட போய்ச் சேர்றான். 1878ல வீட்டுக்குக் கொண்டுவந்தப்ப தாய்பாஷை மறந்து போச்சு, கட்டில்ல படுக்க மாட்டேங்குறான். அந்தப் பகுதிய நான் ரெண்டு தரம் வாசிச்சேன், மனசு கனத்துப் போச்சு.

ஒரு விஷயம், இது வயசான காலத்துல அவர் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் தொகுத்து 1927ல வந்தது, அத மனசுல வச்சுத்தான் வாசிக்கணும். ஆனாலும் அடிச்சாங்க, சித்திரவதை பண்ணாங்கன்னும் சொல்றார், மகன் மாதிரி பாத்துக்கிட்டாங்கன்னும் சொல்றார், ரெண்டையும் மறைக்கல. பக்கத்துலயே ஒலிவ் ஓட்மன் கதையும் இருந்துச்சு, 1851ல பிடிபட்டு, மொஹாவிங்கிற பழங்குடிக்காரங்ககிட்ட போய்ச் சேர்ந்து, நாடியில நீலமாப் பச்சை குத்தினதோட 1856ல திரும்பின பொண்ணு. ஆனா அத எழுதினது ஒரு பாதிரியார், அந்தப் பொண்ணு குரலவிட அவர் பிரசங்கந்தான் கூடக் கேக்குது, தூக்கினவங்களையும் அபாச்சின்னு எழுதியிருக்கு, யவபாய்ங்கிற வேற பழங்குடியா இருக்கலாம்னுதான் இப்ப ஆய்வாளர்கள் நிறையப்பேர் சொல்றாங்க. அதனால எடுக்கல.

கடையப் பத்திச் சொன்னா, மழை ஈரத்துக்கு எல்லாத்தையும் பொலித்தீன்ல சுத்தி வச்சிருக்கார், ஆனா என் பிரதியில நடுப்பக்கம் சிலது ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, காட்டினதும் வெலையக் கொறைச்சார். காசு குடுக்க முந்தி பொலித்தீனப் பிரிச்சு ஒருதரம் பொரட்டிப் பாத்துக்குங்க. போயா (பௌர்ணமி) நாள்ல பூட்டு.